பதினான்காம் பத்தி

ஜூன் 3, திங்கள்

மொட்டைமாடி ஒழுக்கைச் சரிசெய்ய வருவதாகச் சொன்ன கொத்தனார் இன்றும் வரவில்லை. இது மூன்றாவது தடவை. ஹாலின் கிழக்குச் சுவரில் ஈரம் ஒரு முழத்துக்கு இறங்கியிருக்கிறது. ரோஸ்லின் அந்த இடத்தில் காலண்டரை மாட்டி மறைத்துவிட்டாள். என் மனைவிக்கு எதையும் சரிசெய்வதைவிட மறைப்பது சுலபம்.

மத்தியானம் செண்பகவல்லியிடமிருந்து மின்னஞ்சல். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், தூத்துக்குடிப் பக்கம் நான் மேலாளராக இருந்த கிளையில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்த பெண். கோவில்பட்டிக்காரி. இப்போது மும்பையில், வங்கிகளுக்கு விதி போடும் ஆணையத்தில் அதிகாரி. பருவநிலை மாற்றத்தால் வங்கிக் கடன்களுக்கு வரக்கூடிய ஆபத்துகள் குறித்து ஆணையம் கொண்டுவரப்போகும் விதிகளின் வரைவை அனுப்பியிருக்கிறாள். இன்னும் வெளியாகாதது.

“சார், மூணு வாரத்துல வெளியிடுவாங்க. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை படிச்சிருங்க. முக்கியமா பதினாலாவது பத்தி. அருள்நகரை நினைச்சுத்தான் எழுதினேன். உங்களுக்கு மட்டும் சார்.” அருள்நகர், எங்கள் கிளை வீட்டுக் கடன் கொடுத்த மனைப்பிரிவு.

படித்தேன். வீட்டுக் கடன் கொடுப்பதற்கு முன்னால், அந்த நிலத்தில் எப்போதெல்லாம் வெள்ளம் வந்தது என்பதை வாடிக்கையாளருக்கு அவர் மொழியிலேயே எழுதித் தர வேண்டும். அப்படிப்பட்ட கடன்கள் எத்தனை என்று தாலுகாவாரியாக வெளியிட வேண்டும். ஏற்கெனவே கொடுத்த கடன்களின் பழைய பொறியாளர் அறிக்கைகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும். நல்ல பிள்ளை, நன்றாக எழுதியிருக்கிறாள். கடைசி வரி மட்டும் கொஞ்சம் அதிகம்.

விதிகளைப் பற்றிப் பொதுமக்கள் எந்த மொழியிலும் கருத்து எழுதலாம் என்பதும் அவள் போராடி வாங்கியதாம்.

நான் வங்கிகளின் மன்றத்தில் ஆலோசகன் என்று அவளுக்குத் தெரியும். புதிய விதி ஏதாவது வந்தால் வங்கிகளின் சார்பில் பதில் எழுதுவது என் வேலை என்றும் தெரியும். தெரிந்துதான் அனுப்பியிருக்கிறாள்.

ஜூன் 4, செவ்வாய்

முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஜூன் 6, வியாழன்

மன்றத்தின் செயலாளர் சந்தானகிருஷ்ணனிடம் அந்த வரைவைக் காட்டினேன். காட்டினேன் என்றால், பேச்சுவாக்கில் அப்படி ஒன்று வரப்போகிறது என்று சொன்னேன். அவர் கேட்டார். நான் அனுப்பினேன்.

எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், மூணு வாரம் முன்னாடியே நம்ம கையில இருக்கு! நீங்க ஒரு பொக்கிஷம் சார்.” அறுபத்திரண்டு வயதில் யாரும் என்னைப் பொக்கிஷம் என்று சொல்வதில்லை. வீட்டில் கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்வார்கள், அவ்வளவுதான். சந்தோஷமாகத்தான் இருந்தது.

எப்படியும் வெளியாகப்போகும் காகிதம். யாருக்கு என்ன நஷ்டம்?

ஜூன் 10, திங்கள்

இன்று கூட்டம். பதினான்காம் பத்தியை எப்படி எதிர்கொள்வது என்று மூன்று மணி நேரம் பேசினோம். புதிதாக வந்திருக்கும் பையன்கள் எல்லாரும் நேரடியாக எதிர்க்க வேண்டும் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எதிர்க்கவே கூடாது. வரவேற்க வேண்டும். முதல் பத்தியில் வரவேற்பு. இரண்டாவதில் நடைமுறைச் சிக்கல்: தாலுகாவாரியாக வெள்ள விவரம் யாரிடம் இருக்கிறது, அதைத் திரட்ட எத்தனை வருஷமாகும். மூன்றாவதில் ஏழை. இந்த விதி வந்தால் முதலில் பாதிக்கப்படப் போவது ஏழைதான், அவனுக்கு யாரும் கடன் கொடுக்கமாட்டார்கள். ஆகவே இதைக் கட்டாயமாக்காமல், விரும்புகிற வங்கிகள் செய்யலாம் என்று விட்டுவிடலாம். மன்றத்தில் முப்பது வருஷமாக இந்த முறை தோற்றதில்லை.

“பெரிய வங்கிங்க எழுதினா லாபத்துக்காக எழுதறாங்கன்னுடுவாங்க சார்,” என்றார் சந்தானகிருஷ்ணன். “சின்னச் சின்ன ஊர்லேர்ந்து வரணும். கூட்டுறவு வங்கி, கடன் சங்கம், அந்த மாதிரி. அதுவும் தமிழ்லயே. அவங்களேதான் எந்த மொழியிலயும் எழுதலாம்னு சொல்றாங்களே.”

“யாரு எழுதுவா?” என்று கேட்டேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஜூன் 19, புதன்

நாற்பத்தோரு கடிதங்கள் முடிந்தன. இதைப் பெருமை என்றுதான் எழுத வேண்டும். ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. ஒரு தலைவர் கோபக்காரர், நாலே வரியில் முடித்துவிட்டார். இன்னொருவர் தன் சங்கத்தின் வரலாற்றைச் சொல்லாமல் விஷயத்துக்கு வரமாட்டார். ஒரு செயலாளர் பெண்மணி ‘எங்கள் பகுதி நெசவாளத் தாய்மார்கள்’ என்று ஆரம்பிக்கிறார். ஒருவருக்கு நானே இரண்டு எழுத்துப் பிழைகள் போட்டுக் கொடுத்தேன்.

ரோஸ்லின் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். “என்ன எழுதுதீய, தனியா உக்காந்து சிரிச்சுக்கிட்டு?”

“ஊர்க்காரங்க சார்பா லெட்டர் எழுதுதேன்.”

“ஊர்க்காரங்களுக்குத் தெரியுமா?”

இவளுக்கு எப்போதும் இப்படித்தான் ஒரு கேள்வி.

நாளைக்கே எல்லாச் சங்கங்களுக்கும் போய்விடும். அவர்கள் தங்கள் கூட்டத்தில் வைத்து, முத்திரை போட்டு, வரைவு வெளியானதும் ஆணையத்துக்கு அனுப்புவார்கள்.

ஜூன் 24, திங்கள்

வரைவு வெளியானது. கருத்துச் சொல்ல ஒரு மாதம். செண்பகம் கூப்பிட்டாள். “சார், படிச்சீங்களா? எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கும்மா.”

“நம்ம பத்தி?”

“அருமையா இருக்கு.”

“நீங்க ஒரு கருத்து எழுதுங்க சார். தனிப்பட்ட முறையில. ஒரு பேங்க் மேனேஜரே இது வேணும்னு சொன்னா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு.”

பார்க்கிறேன் என்றேன். கொத்தனார் வந்து அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனார்.

ஜூலை 14, ஞாயிறு

கோயிலுக்குப் போய்விட்டு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை, அருள்நகர்தான் நினைவுக்கு வந்தது.

அந்த வெள்ளத்தன்றைக்கு இடுப்பளவு தண்ணீர். அறுபத்து மூன்று வீடுகள், எல்லாம் எங்கள் கிளையின் கடன். நானும் செண்பகமும் கோப்புகளைத் தலையில் வைத்துக்கொண்டு, யார் வீட்டில் எவ்வளவு சேதம் என்று குறித்துக்கொண்டே நடந்தோம். அவள் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் அழுதாள். நான் அழவில்லை. அது அரசாங்கமே அனுமதி கொடுத்த மனை. பட்டா சுத்தம். வக்கீல் கருத்து சுத்தம். மழை பெய்ததற்கு ஒரு மேலாளர் என்ன செய்ய முடியும்?

ஜூலை 24, புதன்

கடைசி நாள். நாற்பத்தொன்றும் போய்ச் சேர்ந்துவிட்டன. சந்தானகிருஷ்ணன் எல்லாருக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்தார். நான் தனிப்பட்ட முறையில் எதுவும் எழுதவில்லை. நேரம் இல்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

செண்பகம் பேசினாள். “தமிழ்ல வந்த கடிதத்தையெல்லாம் மொழிபெயர்க்க என்கிட்டதான் தந்திருக்காங்க சார். இங்க தமிழ் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்திதான்.”

“நிறைய வந்திருக்கா?”

“நாப்பத்திரண்டு. நாப்பத்தொண்ணு வேண்டாம்னு சொல்லுது. ஒண்ணு வேணும்னு சொல்லுது.” பிறகு கேட்டாள்: “சார், நான் அனுப்பின வரைவை நீங்க யார்கிட்டயும் காட்டலைல்ல?”

“சேச்சே. எதுக்கும்மா கேக்க?”

“சும்மாதான் சார்.”

நல்ல வெயில். மாடியில் வேலை செய்ய ஏற்ற நாள். கொத்தனார் போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலையில் கடிதங்களின் நகலை எடுத்துப் பார்த்தேன். முதல் கடிதத்தின் இரண்டாவது வரியிலேயே கண் நின்றுவிட்டது. ‘தங்கள் வரைவின் பதினான்காம் பத்தி.’

வெளியான வரைவில் பதினான்காம் பத்தி அது இல்லை. முன்னால் இருந்த சில பத்திகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். வெளியானதில் அது பன்னிரண்டு. பதினான்காக இருப்பது குப்பைத் தொட்டி வாங்குவது பற்றியோ ஏதோ, ஒன்றுமில்லாத பத்தி. மன்றத்தின் சார்பில் ஆங்கிலத்தில் போன பதிலில் நான் எண்ணை மாற்றியிருக்கிறேன். தமிழ்க் கடிதங்கள் அதற்கு முன்பே ஊர்களுக்குப் போய்விட்டன. நாற்பத்தோரு பேரும், தாங்கள் பார்த்திருக்கவே முடியாத ஒரு காகிதத்தின் எண்ணைச் சொல்லி, அதை எதிர்த்திருக்கிறார்கள்.

வேண்டுமென்றே போட்ட பிழைகளையெல்லாம் நன்றாகப் போட்டேன். இதைப் பார்க்கவில்லை.

அந்த எண்ணுள்ள வரைவு ஆணையத்துக்குள் நாலு பேரிடம்தான் இருந்திருக்கும். அதில் தமிழ்நாட்டுக்காரி ஒருத்தி.

ஆகஸ்ட் 7, புதன்

காலையில் செண்பகம் கூப்பிட்டாள். அரை நிமிஷம்கூடப் பேசவில்லை.

“சார், முந்தாநாள் நீங்க சொன்னது சரிதான?”

“அதான் சொன்னேனேம்மா.”

“சரி சார்.”

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஆணையத்துக்குள் விசாரணையாம். சந்தானகிருஷ்ணன் சொன்னார். வரைவு முன்கூட்டியே வெளியே போயிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மொழிபெயர்த்த பெண்ணே குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறாள்: எல்லாக் கடிதங்களிலும் பழைய எண் இருக்கிறது, அந்த வரைவை நான் ஒருவருக்கு அனுப்பினேன் என்று. யாருக்கு என்று கேட்டதற்கு, அது என் தவறு, அவர் பெயர் வேண்டாம் என்றாளாம்.

“பைத்தியக்காரப் பொண்ணு சார். பதினாலைப் பன்னிரண்டுன்னு மொழிபெயர்த்திருந்தா வேலை முடிஞ்சது. யாருக்குத் தெரியப்போகுது?” என்றார். “நல்லவேளை, நம்ம பேரு எங்கயும் இல்ல.”

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. ரோஸ்லின் வாழைக்காய் வறுவலில் காரம் அதிகமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பாவம், அவள் சமையலில் ஒரு குறையும் இல்லை.

செப்டம்பர் 2, திங்கள்

ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். கடிதங்களை எழுதியது நான், வரைவை மன்றத்திடம் கொடுத்தது நான், அந்தப் பெண் என்னை நம்பித்தான் அனுப்பினாள். மூன்று வாக்கியம்தான்.

ஒரு மணி நேரம் கழித்துப் படித்துப் பார்த்தேன். முதல் பத்தியில் ஆணையத்தின் விசாரணையை வரவேற்றிருக்கிறேன். இரண்டாவதில் என்னுடைய நடைமுறைச் சிக்கல்களை விளக்கியிருக்கிறேன். மூன்றாவதில் செண்பகம் ஏழைக் குடும்பத்துப் பெண், கருணை காட்ட வேண்டும் என்று இருக்கிறது. நான் செய்தது எந்த வரியிலும் இல்லை.

கிழித்துப் போட்டேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மறுபடியும். அதே மாதிரிதான் வந்தது.

செப்டம்பர் 11, புதன்

மன்றத்தின் ஆண்டு விழா. பசுமை வங்கிச் சேவைக்கான கேடயங்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு வேப்பங்கன்று கொடுத்தார்கள். எனக்கு இன்னும் இரண்டு வருஷம் வேலை நீட்டிப்பு என்று மேடையிலேயே அறிவித்தார்கள். கை தட்டினார்கள். வேப்பங்கன்றைக் காரிலேயே மறந்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் வாடியிருந்தது.

இந்தக் கடைசி வாக்கியத்தை இன்று, பன்னிரண்டாம் தேதி, சேர்க்கிறேன்.

அக்டோபர் 7, திங்கள்

இறுதி விதிகள் வந்துவிட்டன. பத்தி இருக்கிறது. ‘வங்கிகள் விரும்பினால் தெரிவிக்கலாம்’ என்று இருக்கிறது. பழைய அறிக்கைகளைப் பார்க்க வேண்டும் என்ற வரி இல்லை. விளக்கக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள்: தமிழில் வந்த நாற்பத்திரண்டு கருத்துகளில் சிறு நிறுவனங்கள் அனுப்பிய நாற்பத்தொன்றும் இதை எதிர்த்தன, ஏழைகளின் நலன் கருதி மாற்றம் செய்யப்பட்டது. வரைவு கசிந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எண் தவறு, கருத்து செல்லும், அவ்வளவுதான்.

சந்தானகிருஷ்ணன் மறுபடியும் பாதுஷா வாங்கினார்.

வந்த கருத்துகளை எல்லாம் பின்னிணைப்பில் போட்டிருந்தார்கள். நாற்பத்திரண்டாவதைத் தேடிப் படித்தேன். கோடு போட்ட தாளில், கையால் எழுதியது. அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்.

‘ஐயா, என் பெயர் பேச்சியம்மாள். அருள்நகரில் நாலாவது தெரு. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். மழை வந்த அன்றைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. என் வீட்டுக்காரர் மோட்டாரை அணைக்கப் போய் ஷாக் அடித்து இறந்துவிட்டார். பிறகுதான் ஆட்கள் சொன்னார்கள், இது குளத்துக்குள் இருக்கிற இடம் என்று. முன்னாலேயே சொல்லியிருந்தால் வாங்கியிருக்க மாட்டோம். எங்கள் மேனேஜர் ஐயா மேல் குற்றம் இல்லை. அவர் நல்லவர். தண்ணீருக்குள் நடந்து வந்து துக்கம் கேட்டார். அவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் கடன் கொடுத்திருக்க மாட்டார். அதனால் இனிமேல் மேனேஜர்களுக்கும் தெரிகிற மாதிரி சட்டம் போட வேண்டும்.’

அக்டோபர் 8, செவ்வாய்

எனக்குத் தெரியும்.

அந்த வெள்ளத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாதம். வருஷக் கடைசிக்குள் வீட்டுக் கடன் இலக்கை எட்ட வேண்டும். பொறியாளர் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், ‘பழைய வரைபடத்தில் இது குளத்தின் நீர் பிடிக்கும் பகுதி, மழைக்காலத்தில் நீர் தேங்கும்’ என்று இருந்தது. படித்தேன். ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அறுபத்து மூன்று தடவை போட்டேன். அந்த வருஷம் எங்கள் கிளைக்குக் கேடயம் கிடைத்தது.

மன்றத்துக்காக எழுதினேன், ஏழைக்காக எழுதினேன் என்று இத்தனை நாளும் இந்த நோட்டில்கூடச் சொல்லிக்கொண்டேன். எனக்குப் பயம். பழைய அறிக்கைகளைப் பார்க்கச் சொன்ன அந்தக் கடைசி வரிக்குப் பயந்துதான் எழுதினேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

செண்பகம் ராஜினாமா செய்துவிட்டாள். அவர்களாக அனுப்புவதற்கு முன்னால் இவளாகவே போய்விட்டாளாம். கோவில்பட்டியில் வங்கித் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்கிற ஒரு பயிற்சி மையத்தில் பாடம் எடுக்கிறாள். சந்தானகிருஷ்ணன் இதை ஒரு வேடிக்கையைப் போலச் சொன்னார்.

நவம்பர் 4, திங்கள்

ரோஸ்லினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். வந்து உட்கார்ந்தாள்.

“அந்தப் பிள்ளை நம்ம வீட்டுல எத்தனை நாள் சாப்பிட்டிருக்கா,” என்றாள். பிறகு, “இப்பவாச்சும் எழுதுங்க. உங்க பேரைப் போட்டு எழுதுங்க.”

எழுதினேன். இந்தத் தடவை வரவேற்பு இல்லை. நாற்பத்தோரு கடிதங்களும் என்னுடையவை, வரைவைக் கொடுத்தது நான், அருள்நகர் குளம் என்று தெரிந்தேதான் கடன் கொடுத்தேன், அந்தப் பத்தி வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அப்படியே மன்றத்துக்குப் போய் வேலையை விடுவதாகச் சொன்னேன்.

“நாங்க மறுத்துருவோம் சார்,” என்றார் சந்தானகிருஷ்ணன். கோபமே இல்லை. “வயசானவர், உடம்பு சரியில்லன்னு சொல்லிருவோம். தப்பா எடுத்துக்காதீங்க.”

இப்படிப் பேச அவரை நான்தானே பழக்கினேன்.

நவம்பர் 28, வியாழன்

ஆணையத்திடமிருந்து பதில் வந்தது. இரண்டு வரி.

‘தங்கள் கருத்து கிடைக்கப்பெற்றது. மேற்படி வரைவின்மீது கருத்துத் தெரிவிப்பதற்கான கடைசி நாள் ஜூலை 24 அன்று முடிந்துவிட்டபடியால், இதனைப் பரிசீலிக்க இயலாது.’

யாரோ ஒரு குமாஸ்தா, பொருள் என்ன என்று பார்த்திருக்கிறார், பத்தி எண்ணைப் பார்த்திருக்கிறார், தேதியைப் பார்த்திருக்கிறார். என் பாவமன்னிப்பு, காலங்கடந்த கருத்துகளின் கட்டில் போய்ச் சேர்ந்துவிட்டது.

டிசம்பர் 2, திங்கள்

செண்பகத்தின் எண் அதேதான். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன், நடுவில் தடுமாறக் கூடாதென்று. முதல் வாக்கியத்தைச் சொன்னதுமே, “தெரியும் சார்,” என்றாள்.

“எது தெரியும்?”

“லெட்டரெல்லாம் நீங்க எழுதினதுன்னு. ‘தாங்கள் அறியாததல்ல’ன்னு இந்தக் காலத்துல யார் சார் எழுதுறா? மூணு லெட்டர்ல இருந்துச்சு.”

“அப்புறம் எதுக்கும்மா என்கிட்ட கேட்ட? ரெண்டு தடவை கேட்டியே.”

“நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்.”

அருள்நகரைப் பற்றியும் சொன்னேன். அந்த அறிக்கை, நான் போட்ட கையெழுத்து. மறுமுனையில் பிள்ளைகள் பெஞ்சுகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

“அதுவும் தெரியும் சார். அன்னைக்கு ஃபைலை எல்லாம் தலையில வச்சுத் தூக்கிட்டு வந்தோம்ல. ராத்திரி ஒவ்வொரு தாளா நான்தான காயப்போட்டேன்.”

ஒன்பது வருஷமாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லியிருக்கிறாள்.

“தெரிஞ்சும் எதுக்கும்மா எனக்கு அனுப்பின?”

“அந்தப் பத்தியே உங்களுக்காகத்தான சார் எழுதினேன். நீங்க ஆமான்னு ஒரு லெட்டர் போடுவீங்க, மனசுல இருக்கறது இறங்கிரும்னு நினைச்சேன்.” கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. “நாப்பத்தோரு பேரா எழுதினீங்களே சார். ஒரே ஒரு தடவை நீங்களா எழுதியிருந்தா, அந்தப் பேச்சியம்மா தனியா நின்னிருக்க மாட்டா.”

மன்னித்துவிடு என்று சொன்னேனா என்றுகூட நினைவில்லை. கிளாஸுக்கு நேரமாகிவிட்டது, வைக்கட்டுமா என்று கேட்டாள். எப்போதும் போல, “உடம்பைப் பாத்துக்கோங்க சார்,” என்றாள்.

டிசம்பர் 4, புதன்

இரண்டு நாளாக மழை. சுவரிலிருந்து காலண்டரை எடுத்தோம். ஈரம் தரைவரை வந்துவிட்டது. கொத்தனார் மழை நின்றதும் வருகிறாராம்.

தூத்துக்குடிக்குச் சனிக்கிழமை டிக்கெட் கிடைத்தது. ரோஸ்லின் தானும் வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். அருள்நகர் நாலாவது தெருவில் நான் நல்லவன் என்று நம்பிக்கொண்டிருக்கிற ஒருத்தி இருக்கிறாள். அவள் கணவர் இறந்த வீட்டு வாசலில் நின்று, எனக்குத் தெரியும் அம்மா என்று நானேதான் சொல்ல வேண்டும்.